மூணாவது விசில்

அந்தப் பாட்டைப் பாடி முடிக்க ஜெசிந்தாவுக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

சாலிகிராமத்தில் ஒரு தையல் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது கோதண்டத்தின் ஒலிப்பதிவுக்கூடம். ஜெசிந்தா அங்கே ட்ராக் பாடுகிறவள். பெரிய பாடகிகள் வருவதற்கு முன்னால் மெட்டை ஒருமுறை பாடி வைப்பது அவள் வேலை. அவர்கள் வந்து அதைக் காதில் மாட்டிக் கேட்டு, அதன்மேலேயே பாடிவிட்டுப் போவார்கள். பிறகு அவள் குரலை அழித்துவிடுவார்கள். பதினான்கு வருஷமாக இப்படித்தான். ஆயிரம் பாட்டுக்கு மேல் பாடியிருக்கிறாள். ஒன்றில்கூட அவள் இல்லை.

அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்து வந்தவளிடம் கோதண்டம் ஒரு தாளை நீட்டினார். நான்கே வரிகள்.

ஒண்ணாவது விசிலு ஊருக்கு
ரெண்டாவது விசிலு பேருக்கு
மூணாவது விசிலு யாருக்கு? யாருக்கு?
உஸ்... உஸ்... உஸ்...

"என்ன சார், குக்கர் பாட்டா?"

"ஆமாம்மா. கம்பெனியில வேடிக்கையா ஒண்ணு கேட்டாங்க. அக்கா தங்கச்சி மூணு பேர் பாடற மாதிரி இருக்கணும். மூணு பேருமே நீங்கதான்."

"அப்புறம் யாரு வந்து பாடுவாங்க?"

"யாரும் வரமாட்டாங்க. உங்க குரலையே விட்டுடப் போறேன்."

அவள் அதை நம்பவில்லை. ஆனாலும் பாடினாள். மூத்தவளுக்குக் கொஞ்சம் கனத்த குரல், நடுவில் இருப்பவளுக்கு மெல்லிய குரல், கடைக்குட்டிக்குக் குறும்புக் குரல். மூன்றாவது முறை விசில் அடிக்கும்போது உதட்டில் காற்று மட்டும் வந்தது, சத்தம் வரவில்லை. தன்னை அறியாமல் சிரித்துவிட்டாள். கோதண்டம் அந்தச் சிரிப்பையும் பாட்டிலேயே விட்டுவிட்டார்.

'ஜிகினா சிஸ்டர்ஸ்' என்ற பெயரில் பாட்டு வெளியானது. அப்படி யாரும் உலகத்தில் இல்லை. கம்பெனிக்காரர்கள் பளபளக்கும் பாவாடை கட்டிய மூன்று பெண்களை வரைந்து ஆடவிட்டிருந்தார்கள். முதல் வாரம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாடினார்கள். இரண்டாம் வாரம் எல்லாரும் பாடினார்கள். மூன்றாம் வாரத்திலிருந்துதான் வேறு ஒன்று ஆரம்பித்தது.

காலையில் மின்சார ரயிலில் ஏறினால், ஜன்னலோரம் பாதித் தூக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் உதடுகள் அசைந்தன. யாரும் காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை. எழுந்ததிலிருந்தே பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது என்றார்கள். பலருடைய கனவில் ஒரு பெண் வந்தாள். ஒருவருக்கு அவள் வெள்ளை வெளிச்சம் நிறைந்த சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இன்னொருவருக்கு, தண்ணீர் வற்றிய ஒரு குளத்தின் நடுவே உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள். முகம் யாருக்கும் தெரியவில்லை. குரல் மட்டும் ஒன்றேதான்.

ஜெசிந்தாவுக்கு அது சந்தோஷமாக இருந்தது. மீன் கடையில் "வஞ்சிரம் என்ன விலை?" என்று அவள் கேட்டதும், கடைக்காரம்மா கத்தியை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "யம்மா, நீ எங்க வூட்டுக்கு வந்திருக்கியா?" என்றாள். ஆட்டோ ஓட்டுகிறவர் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, "உங்களை ரொம்ப நாளாத் தெரிஞ்ச மாதிரி இருக்கு மேடம்" என்றார். இத்தனை வருஷம் அழிக்கப்பட்டுக்கொண்டே இருந்த குரல். இப்போது ஊரே தூங்கும்போது அது விழித்திருந்தது.

அவள் கணவன் அந்தோணி சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை பார்த்தான். வருஷத்தில் எட்டு மாதம் கடல். இருவரும் தூத்துக்குடிக்காரர்கள். போனில் பேசிப் பேசியே வாழ்ந்த கல்யாணம் அவர்களுடையது.

"ஏட்டி ஜெசி, எங்க கப்பல்ல பிலிப்பைன்ஸ்காரன்லாம் ஒன் பாட்டைப் பாடுதான்" என்றான் சிரித்துக்கொண்டே. "நீதான்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்."

"நீங்க நம்புதீங்கல்லா, போதும்."

பாட்டு வெளியான ஐந்தாவது மாதம் ஒரு காலை. அடுத்த பாட்டைப் பற்றிப் பேச அவள் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வந்திருந்தாள். கம்பெனி இரண்டாவது பாட்டுக்கு நாள் குறித்துவிட்டது. மாடிப்படி ஏறி ஒரு மனிதர் வந்து கதவருகே நின்றார். ஐம்பது, ஐம்பத்திரண்டு வயது இருக்கும். காக்கிச் சட்டை, அதன் மேல்பையில் இரண்டு பேனா, கையில் ஒரு துணிப்பை.

"ஜிகினா சிஸ்டர்ஸுன்னு..." என்று இழுத்தார்.

"அப்படி யாரும் இல்ல. என்ன வேணும்?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

அவர் கையிலிருந்த துணிப்பை கீழே விழுந்தது. எடுக்கக் குனியவில்லை. அவளையே பார்த்தார்.

"நீங்கதானா" என்றார்.

அவர் பெயர் எத்திராஜ். வாலாஜாபேட்டை பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று குறித்துவைப்பவர். கோதண்டம் நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். எத்திராஜ் குடித்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"நான் கோவமா வரலம்மா. உங்க மேல தப்பு சொல்லவும் வரல. ஒரு சின்ன உதவிதான் கேக்க வந்தேன். நீங்க என் கனவுல வராம இருக்க முடியுமா?"

ஜெசிந்தா கோதண்டத்தைப் பார்த்தாள்.

"எம் பொண்டாட்டி வேதவல்லி தவறி நாலு வருசம் ஆவுது" என்றார் எத்திராஜ். "ஆனா வாரத்துக்கு மூணு நாளாவது வந்துடும். கனவுலதான். என் ஆபீஸ் ரூமுக்கு வெளியில ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்குது, அதுல வந்து குந்திக்கினு பேசும். பெரிய பேச்செல்லாம் இல்ல. பக்கத்து வூட்டுக்காரி இன்னா சொன்னா, தக்காளி இன்னா வெல, நீ ஏன் எளைச்சுப் போயிட்ட, இதான். எனக்கு அது போதும். அதை வச்சுக்கினு அடுத்த ரெண்டு நாளு ஓட்டிடுவேன்."

நிறுத்தினார்.

"இப்பவும் வருது. வாயத் தொறக்குது. உங்க கொரலு வருதும்மா."

சட்டையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடி அங்கேயே செருகினார்.

"அது மூஞ்சி, அது பொடவ. கொரலு மட்டும் நீங்க. மொதல்ல நானே சிரிச்சேன். பாட்டு கேட்டுக் கேட்டு இப்பிடி ஆவுது, போயிடும்னு நெனச்சேன். போவல. இப்போ முழிச்சுக்கினு இருக்கும்போது நெனச்சுப் பாத்தாலும் அதோட கொரலு வரமாட்டேங்குது."

"அவங்க குரலைப் பதிவு பண்ணி எதுவும் வச்சிருக்கீங்களா?" என்று கோதண்டம் கேட்டார்.

எத்திராஜ் போனை எடுத்து ஒரு பழைய குரல் செய்தியைப் போட்டார். கரகரத்த ஒரு குரல் பேசியது. "யோவ், வர்றப்போ கறிவேப்பில வாங்கினு வா. மறந்துடாத." அவ்வளவுதான்.

"நாலு வருசமா இதை எத்தினி தடவ கேட்டிருப்பேன்! கேட்டா அழுகை வரும். இப்போ கேட்டா, யாரோ ஒரு பொம்பள கறிவேப்பில கேக்குது. அவ்ளோதான்."

ஜெசிந்தா கீழே கிடந்த பையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். "நான் வேணும்னு வரல சார்" என்றாள். சொன்ன பிறகு அது எவ்வளவு அசட்டுத்தனமான வார்த்தை என்று தோன்றியது.

அவர் அதைச் சரியாகவே எடுத்துக்கொண்டார். "தெரியும்மா" என்றார்.

அவர் போனபிறகு கோதண்டம் நாற்காலியை எடுத்து ஓரமாகப் போட்டார். தையல் இயந்திரங்களின் சத்தம் கீழிருந்து தரை வழியாக வந்துகொண்டிருந்தது. ஜெசிந்தாதான் கேட்டாள்.

"அந்தப் பாட்டுல என்ன பண்ணினீங்க சார்?"

அவர் மறைக்கவில்லை. "இந்தத் தொழிலுக்கு வர்றதுக்கு முன்னாடி நான் ஒரு காது ஆஸ்பத்திரியில இருந்தேன்மா. காதுக்குள்ள கருவி வச்ச குழந்தைங்க அங்க வரும். பொறந்ததுலேர்ந்து சத்தமே கேக்காத குழந்தைங்க. கருவி வச்சாலும் அம்மா குரல் அதுங்களுக்கு வெறும் இரைச்சல்தான். அப்ப ஒண்ணு கண்டுபிடிச்சேன். பேச்சுக்கு அடியில ஒரு அலை. காதுக்குத் தெரியாது. தூங்கறப்ப மூச்சு எந்த வேகத்துல போகுமோ அந்த வேகத்துல போகும். அதைச் சேர்த்துப் போட்டா, பகல்ல கேட்ட குரலை மூளை தூக்கத்துல எடுத்துப் பாத்துப் பழகிக்கும். நிறைய குழந்தைங்க பேச ஆரம்பிச்சுது."

"நல்ல விஷயம்தானே?"

"நல்ல விஷயம்தான். அதை எடுத்து ஒரு குக்கர் பாட்டுக்கு அடியில போட்டேன் பாருங்க, அதுதான் தப்பு. ஒரு பாட்டாவது ஓடாதான்னு ஆசை." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சவங்க குரலுக்குன்னு நமக்குள்ள ஒரு இடம் இருக்கும்மா. அம்மா, புருஷன், புள்ள எல்லாரும் அங்கதான். உங்க குரலை நேரா அங்க கொண்டுபோய் உட்கார வச்சுட்டேன். உசிரோட இருக்கறவங்க குரல் தினமும் காதுல விழுது, அதனால அவங்க இடத்தை அவங்க பிடிச்சுக்குவாங்க. செத்துப்போனவங்க என்ன பண்ணுவாங்க? இடத்தை விட்டுட்டு எழுந்து நிக்க வேண்டியதுதான்."

"இவருக்கு மட்டுமா?"

"நானும்தான் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கேன். கேட்டவங்க எல்லாருக்கும்தான். பல பேருக்கு இன்னும் தெரியல, நினைச்சுப் பாக்கற வரைக்கும் தெரியாது." குரல் தாழ்ந்தது. "எனக்கு ஒரு தம்பி. பதினேழு வயசுல ஆத்துல போயிட்டான். போன மாசம் அவன் எப்படிச் சிரிப்பான்னு நினைச்சுப் பாத்தேன். நீங்க சிரிச்சீங்க."

ஜெசிந்தா எழுந்து ஜன்னலருகே போனாள். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டே அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு யார் போயிருப்பார்கள்? யாருடைய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன்?

"எடுக்க முடியுமா சார்?"

"முடியும். அந்த அலையையே தலைகீழாப் போடணும். அதுக்கு நீங்க அதே பாட்டை மறுபடி பாடணும். அதைக் கேக்கறவங்களுக்கு உங்க குரல் அந்த இடத்தை விட்டு இறங்கிடும். ஆனா..."

"சொல்லுங்க."

"திரும்ப ஏறாதும்மா. அவங்களுக்கு உங்க குரல் எப்பவுமே முதல் தடவை கேக்கற குரல் மாதிரி இருக்கும். நீங்க பேசிட்டு அந்தப் பக்கம் போனதும், குரல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியாது."

"பாடினா?"

"பாட்டு ஞாபகம் இருக்கும். பாடின குரல் இருக்காது."

அவள் சிரிக்க முயன்றாள். முப்பத்தெட்டு வயதில் முதல் முறையாக அழிக்காமல் விட்ட குரல். கம்பெனி ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்பது பாட்டு இருந்தது. அதைவிட, மீன் கடைக்காரம்மாவின் அந்தப் பார்வை இருந்தது. யாரோ ஒரு நர்ஸ் கம்பெனிக்கு எழுதியிருந்த கடிதம் இருந்தது: வேலை முடிந்து பகலில் படுத்தால் தூக்கமே வராது, இப்போது இந்த அக்கா வந்து தூங்க வைக்கிறாள் என்று.

"அந்த நர்ஸ் என்ன பண்ணுவா?" என்று கேட்டாள்.

"தெரியல. அவகிட்ட கேக்காமலே போட்டோம். கேக்காமலே எடுக்கறதான்னுதான் நானும் யோசிக்கறேன்."

"கேட்டுட்டே எடுப்போம் சார். பாட்டுக்குக் கீழே எழுதிப் போடுங்க. இதைக் கேட்டா எங்க குரல் உங்களுக்கு மறந்துபோகும்னு. வேணாம்னா கேக்காம இருக்கட்டும்."

இரண்டு நாள் கழித்துப் பாடினாள். அதே நான்கு வரிகள், அதே மூன்று பெண்கள். இந்த முறை கடைசி விசில் ஒழுங்காக வந்தது, சிரிப்பு வரவில்லை. அலையைச் சேர்க்கும்போது கோதண்டம் அவளை வெளியே உட்காரச் சொன்னார். அரைமணி நேரம் கழித்து அவர் வெளியே வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அடுத்த வாரம்தான் அதற்குக் காரணம் தெரிந்தது. தம்பி சிரித்தான் என்றார். அன்று அவள் பின்னாலிருந்து கூப்பிட்டதும் "யாரும்மா நீங்க" என்று கேட்க வாயெடுத்து, திரும்பி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பாட்டு 'புது விசில்' என்ற பெயரில் வந்தது. கீழே எழுதிப் போட்ட வரியைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத் தந்திரம் என்று நினைத்துக் கோதண்டத்தைப் பாராட்டினார்கள். கேட்டால் மறந்துபோகும் பாட்டாமே என்று ஜனங்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக் கேட்கவைத்தார்கள். பத்தே நாளில் பழைய பாட்டைக் கேட்டவர்கள் அனேகமாக எல்லாரும் புதியதையும் கேட்டு முடித்தார்கள்.

அந்தோணியிடம் மட்டும் அவள் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். "நீங்க அதைக் கேக்காதீங்க. காதைப் பொத்திக்கிட்டாவது இருங்க. எனக்கு நீங்க ஒரு ஆளு போதும்."

"சரிட்டி" என்றிருந்தான்.

மூன்றாவது வாரம் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் "சொல்லுங்க" என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் கடலின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஜெசிதானே?" என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த கட்டிலில் உட்கார்ந்தாள்.

"யாரு போட்டது? மெஸ்ஸுல போட்டாங்களா?"

"இல்ல. நாந்தான் கேட்டேன்." அவன் குரல் தயங்கியது. "பொய் சொல்லக் கூடாதுல்ல. அப்பாவோட குரல் எனக்கு வரல ஜெசி. கரையில நின்னு கூப்பிடுவாருல்ல, அலைக்கு மேல கேக்கும். அது வரல. எவ்வளவு நாள் நெனச்சுப் பாத்தேன் தெரியுமா? அவரு போயாச்சு, அவர்ட்ட இனிமே கேக்க முடியாது. நீங்க... நீ இருக்க. எப்ப வேணும்னாலும் கேட்டுக்கிடலாம். அப்படி நெனச்சுதான் கேட்டேன்."

அவன் 'நீங்க' என்று சொன்னதைக் கேட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் 'ஏட்டி', 'நீ' தவிர வேறு வந்ததில்லை.

"கோவமா?" என்றான்.

கோபம்தான். ஆனால் எத்திராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியதும் ஞாபகம் வந்தது. "அப்பா கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"கூப்பிட்டாரு" என்றான். அழுகிறான் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பேச்சின் முதல் சில நிமிஷங்கள் யாரோ புது மனிதரிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசுவான். பிறகு அவள் சொல்கிற விஷயங்களிலிருந்து மெல்ல மெல்ல அவளிடம் வந்து சேர்வான். வைத்துவிட்டு மறுநாள் கூப்பிட்டால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து வர வேண்டும். அவன் ஒருநாளும் சலித்துக்கொள்ளாமல் வந்தான்.

ஜிகினா சிஸ்டர்ஸின் இரண்டாவது பாட்டு வெளியானது. நல்ல மெட்டு. கேட்டவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள், மறுபடி கேட்கவில்லை. மூன்றாவதோடு கம்பெனி நிறுத்திக்கொண்டது. ஒரே பாட்டோடு காணாமல் போனவர்கள் என்று பத்திரிகையில் ஒரு பத்தி வந்தது.

ஜெசிந்தா பழைய வேலைக்கே திரும்பினாள். இப்போது அவளுக்கு முன்பைவிட அதிக வேலை வந்தது. "மத்தவங்க ட்ராக் பாடினா அவங்க சாயல் எனக்கு ஒட்டிக்கும். உங்களது ஒட்டவே மாட்டேங்குது, மெட்டு மட்டும் நிக்குது" என்று ஒரு பெரிய பாடகி அவளிடம் பாராட்டாகவே சொன்னாள். மீன் கடையில் அவள் விலை கேட்டால் கடைக்காரம்மா தலை நிமிராமல் விலை சொன்னாள்.

எத்திராஜிடமிருந்து மட்டும் ஒரு தகவலும் இல்லை. அவருக்காகத்தான் இதையெல்லாம் செய்தது. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சனிக்கிழமை காலை பஸ் ஏறி வாலாஜாபேட்டைக்குப் போனாள்.

டைம் கீப்பர் அறை பேருந்து நிலையத்தின் நடுவில் இருந்தது. எத்திராஜ் பெரிய நோட்டில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். "சார்" என்று கூப்பிட்டாள். "ஆரணி வண்டி அந்தப் பக்கம்மா" என்றார், நிமிராமல். பிறகு நிமிர்ந்தார். முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"கொரலை வச்சுத் தெரியலம்மா, மன்னிச்சுக்கோங்க."

"தெரியாமத்தானே இருக்கணும்" என்றாள். "அவங்க வந்தாங்களா?"

அவர் அவளை வெளியே சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்தார். டீ வாங்கி வந்தார். தானும் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டார். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் இருந்தது.

"மொதல்ல நாப்பது நாளு வரவேயில்லம்மா. சுத்தமா வரல. ஐயோ, இருந்ததும் போச்சேன்னு நெனச்சேன். உங்க கொரல்லயாவது வந்துக்கினு இருந்துச்சு, நானே போய்க் கெடுத்துக்கினேன்னு. அதனாலதான் உங்களுக்குப் போன் பண்ணல. இன்னான்னு சொல்றது?"

"அப்புறம்?"

"போன வெள்ளிக்கெழம மத்தியானம், சாப்ட்டுட்டு இந்த ரூம்லயே சித்த கண்ண மூடினேன். வந்துச்சு." அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "இங்கதான் குந்திச்சு. பேசல. பாடுச்சும்மா."

"பாடினாங்களா?"

"அந்தக் குக்கர் பாட்டு. அதோட கொரல்லயே. அந்தக் கரகரப்பு, அந்த மூச்சு, எல்லாம் அதேதான். சுருதி கிருதி ஒண்ணும் கெடையாது. உசிரோட இருந்தப்போ கோயில்ல கூட வாயத் தொறக்காது, வெக்கம். கைய ஆட்டி ஆட்டிப் பாடுச்சு."

ஜெசிந்தா தன் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு ஒண்ணுதான் புரியல. வேதா போயி நாலு வருசம். உங்க பாட்டு வந்து ஒரு வருசம்கூட ஆவல. அதுக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"தப்பில்லாமப் பாடினாங்களா?"

எத்திராஜ் சிரித்தார். அவர் சிரித்து அவள் பார்ப்பது இதுவே முதல் முறை. "எங்க! தப்புத் தப்பா. மூணாவது விசிலுன்னு நீங்க நிறுத்திட்டீங்க. அது நிறுத்தல. நாலாவது விசிலு, அஞ்சாவது விசிலுன்னு போய்க்கினே இருக்குது. எங்க வூட்டு குக்கர் ரப்பர் தேஞ்சு போயிடுச்சும்மா. அஞ்சு விசில் வச்சாத்தான் பருப்பு வேவும். புது ரப்பர் வாங்கினு வான்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்துச்சு."

வேலூர் வண்டி ஒன்று உள்ளே வந்து நின்றது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் எழுந்து போய் எழுதவில்லை. நடத்துநர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "இன்னா சார், டைம் போடலயா?" என்று கத்தினார். அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் இல்லை. பக்கத்து இருக்கையில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனியின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி கண்ணயர்ந்திருந்தாள். காவேரிப்பாக்கம் தாண்டியதும் ஏரி வந்தது. தண்ணீர்மேல் பகல் வெளிச்சம் அசையாமல் படுத்திருந்தது. தான் பாடிக்கொண்டிருப்பது ஜெசிந்தாவுக்கே தெரியவில்லை. பக்கத்துப் பெண் கண்விழித்து அவளைப் பார்த்துச் சிரித்தபோதுதான் நிறுத்தினாள்.

"பாடுங்கக்கா, நல்லாருக்கு" என்றாள் அந்தப் பெண். "ஆனா ஒரிஜினல் மாதிரி வரல."

"அப்படியா? ஒரிஜினல் எப்படி இருக்கும்?"

"அந்த 'யாருக்கு'வ அவங்க கொஞ்சம் இழுப்பாங்க. நடுவுல ஒடஞ்ச மாதிரி ஒரு எடம் வரும். அதான் அழகே."

ஜெசிந்தா அப்படி இழுத்ததில்லை. உடைந்ததும் இல்லை. "பாடினது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் ஜன்னலைப் பார்த்து யோசித்தாள். "பேரு தெரியாதுக்கா. கொரலு மட்டும் அப்பிடியே எங்க அக்கா கொரலு. அது போயி ஒம்போது வருசம் ஆவுது. கொஞ்ச நாளாத்தான் பாட்ட நெனச்சா அது கொரல்லயே ஞாபகம் வருது."

"எப்படி இழுப்பாங்க? எனக்குச் சொல்லிக் கொடுங்களேன்."

"ஐய, நானா?" அவள் முன்னும் பின்னும் பார்த்தாள். டிரைவரைத் தவிர விழித்திருப்பவர் யாரும் இல்லை. அடையாள அட்டையை விரலால் சுற்றிக்கொண்டே, வெட்கத்தோடு தாழ்ந்த குரலில் பாடினாள். 'யாருக்கு' என்ற இடத்தில் குரல் நீண்டு, நடுவில் லேசாக உடைந்து, பிறகு சேர்ந்துகொண்டது.

"இன்னொரு தடவை" என்றாள் ஜெசிந்தா.

அவள் மறுபடியும் பாடினாள். ஜெசிந்தா அவள் உதடுகளையே பார்த்தபடி, அவள் இழுத்த இடத்தில் இழுத்து, உடைத்த இடத்தில் உடைத்து, கூடவே பாடிக்கொண்டு வந்தாள்.